சுவர்க்கத்தின் குழந்தைகள்: ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்திற் பேச்சும் மௌனமும்

பிரெஞ்சு மொழியிலே 'பரதீ' என்னுஞ் சொல் சுவர்க்கத்தைக் குறிக்கும். அந்நாட்டு நாடக அரங்குகளிலோ அதற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. கூரையை ஒட்டி, எல்லாவற்றிற்கும் மேலே, மிகக் குறைந்த கட்டணத்துக்கு விடப்படும் இருக்கை வரிசையை அப்பெயராலேயே அழைப்பர். இலங்கைப் படமாளிகைகளிற் 'கலரி' என வழங்குவதை ஒத்தது அது. இங்குள்ள கலரி திரைக்கு அண்மையிற் கீழே இருப்பது, அங்குள்ளது வானத்துக்கு அண்மையில் மேலே இருப்பது என்பதே வேறுபாடு. அவ்விடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்து, நன்றாயிருந்தாற் கைதட்டியும், நன்றாயில்லாவிடிற் கூக்குரலிட்டும் நாடகத்துக்குத் தீர்ப்புக் கூறும் ஏழை மக்களே 'சுவர்க்கத்தின் குழந்தைகள்'. மார்செல் கார்னே நெறிப்படுத்த, கவிஞர் ஜாக் பிரெவேர் கதையும் உரையாடலும் எழுதி, 1945 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9 ஆந் திகதி பாரிஸ் நகரில் முதன்முதற் காட்டப்பட்ட திரைப்படத்தின் பெயரும் அதுவே.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இப்படத்தைப் பிரெஞ்சுத் திரைக்கலையின் சிகரமெனப் போற்றுவார் பலர். 1995 இல் அந்நாட்டுத் திறனாய்வாளரிடையே நடத்தப்பட்ட வாக்கெடுப்பொன்றில் முதலிடம் பெற்றதும் இதுவே. எனினும் இதனைக் காதற் கதையென்று மாத்திரம் பார்த்து மகிழ்வோர் இதன் நடுப்பொருளைத் தவற விடுகின்றனர். பேசுதல் தடைசெய்யப்பட்ட இடத்திற் கலை யாது செய்யும், அவ்வாறு பிறந்த மௌனம் கலைஞனுடைய வாழ்வை யாது செய்யும் என்னும் இரு வினாக்களே இதன் அடியில் ஓடுவன. படம் எடுக்கப்பட்ட சூழலும் அதே வினாக்களை எழுப்பியமையால், கதையையும் சூழலையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

கதை நிகழும் களம் பாரிசிலுள்ள 'தாம்பிள்' பெருவீதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வீதியின் ஒருபுறத்தே நாடகக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. அவற்றில் இரவுதோறும் கொலையும் களவும் நஞ்சூட்டலும் நிறைந்த நாடகங்கள் ஆடப்பட்டமையால் அதனைக் 'குற்றப் பெருவீதி' என்று மக்கள் விளையாட்டாகக் கூறினர். கழைக்கூத்தர், கரடியாட்டுவோர், பழைய துணி விற்போர், முடிச்சவிழ்ப்போர் ஆகிய யாவரும் அவ்வீதியிற் கூடினர். 1838 இல் தகேர் என்பவர் இவ்வீதியை எடுத்த ஒளிப்படமே மனித உருவம் பதிந்த மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்று. நீண்ட நேரம் ஒளிபட வைத்து எடுத்ததனால் நகர்ந்து சென்ற கூட்டம் முழுவதும் அதில் மறைந்துபோயிற்று. சப்பாத்துத் துடைப்பித்துக்கொண்டு அசையாது நின்ற ஒருவனே நன்கு பதிந்துள்ளான். அன்று பதியாதுபோன கூட்டத்தையே ஏறக்குறைய நூறாண்டின் பின் கார்னே திரையிலே கொண்டுவந்தார் எனலாம்.

அக்காலத்துச் சட்டத்தையும் இங்கு அறிதல் வேண்டும். நெப்போலியன் 1806, 1807 ஆம் ஆண்டுகளிற் பிறப்பித்த ஆணைகளாற் பாரிஸ் நகரில் நாடக அரங்குகளின் தொகை எட்டாகக் குறைக்கப்பட்டது. எந்த அரங்கு எவ்வகை நாடகத்தை ஆடலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. செய்யுள் நாடகமும் உயர்ந்த வசனமும் அரச ஆதரவு பெற்ற பேரரங்குகளின் உடைமையாயின. பின்னர்த் தோன்றிய சிற்றரங்குகளுக்குக் கிடைத்த உரிமம் மிகக் குறுகியது. கயிற்றில் நடப்போர் எனப் பொருள்படும் 'பூனம்பூல்' என்னும் கொட்டகை அத்தகையது. அங்கே கழைக்கூத்தும் ஊமைக்கூத்தும் ஆடலாம்; பேசலாகாது. ஊமைக்கூத்தாயினும் அது கழைக்கூத்தே என்று காட்டுதற்காக நடிகர் குட்டிக்கரணமிட்டு அரங்கேறவேண்டியிருந்தது என்பர். வாய் திறந்து ஒரு சொற் கூறின் தண்டம் விதிக்கும் முதலாளியைப் படத்திலும் காண்கிறோம். நகைச்சுவையாகக் காட்டப்பட்டிருப்பினும் அது கற்பனையன்று.

இத்தடையின் நடுவே தோன்றியவர் ஜான் காஸ்பார் டெபுரோ. பொகீமியாவிலுள்ள கோலின் என்னும் ஊரில் 1796 இற் பிறந்து, கழைக்கூத்துக் குடும்பத்தோடு பாரிசுக்கு வந்தவர் அவர். இத்தாலியக் கோமாளி மரபிலே நகைப்புக்கும் உதைக்கும் உரியவனாயிருந்த 'பியரோ' என்னும் வெண்முகப் பாத்திரத்தை அவர் வேறொன்றாக்கினார். கழுத்தைச் சுற்றிய மடிப்புத் துணியை நீக்கினார். தளர்ந்த வெள்ளைச் சட்டையும் கறுத்தச் சிறு தொப்பியும் அணிந்தார். மாவு பூசிய முகத்திற் சிறு அசைவும் கடைசி வரிசைக்குத் தெரியும்படி செய்தார். தமிழிலே மெய்ப்பாடு என்று நாம் கூறுவதை, சொல்லின் துணையின்றி உடம்பினாலேயே முற்றாக விளக்கிய கலை அது. 1830 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அரங்கச் சட்டங்கள் தளர்ந்தன. பேச்சு நாடகங்கள் அக்கொட்டகைக்கும் வந்தன. டெபுரோவோ பேசாமலே நடித்தார். கட்டாயமாக வந்த மௌனம் அதற்குள் அவருக்குத் தன்விருப்பாகிவிட்டது.

அவருடைய வாழ்வில் நிகழ்ந்த ஒரு துயரமே இப்படத்துக்கு வித்தாயிற்று. 1836 இற் தெருவிலே ஓர் இளைஞன் அவரையும் அவர் மனைவியையும் இகழ்ந்து பேச, டெபுரோ கைத்தடியால் அடித்தார், இளைஞன் இறந்தான். விசாரணையின் முடிவில் அவர் விடுதலை பெற்றார். அவருடைய குரலைக் கேட்கலாம் என்ற ஆவலினாலேயே பாரிஸ் மக்கள் நீதிமன்றத்தில் திரண்டனர் என்று ஒரு கதை வழங்கிவந்தது. நடிகர் ஜான் லூயி பரோ, நீஸ் நகரிற் கார்னேயையும் பிரெவேரையும் சந்தித்தபோது இதனைக் கூறினார். ஊமைக்கூத்தன் ஒருவன் வாய் திறக்கும் நொடி என்பது கார்னேக்குப் பிடித்துக்கொண்டது. பிரெவேருக்கு ஊமைக்கூத்தில் அத்துணை நாட்டமில்லை. ஆயினும் அதே காலத்தில் வாழ்ந்து 1836 சனவரியிற் கொலைத் தண்டனை பெற்று மடிந்த லசனேர் என்னும் எழுத்தறிவுள்ள கொலைகாரனைக் கதையிற் சேர்க்கலாம் என்றதும் அவர் உடன்பட்டார். புகழ் பெற்ற பேச்சு நடிகரான பிரெடரிக் லெமேத்திரும் கதையுள் வந்தார். வியப்பு யாதெனில், தொடக்கத்தில் வித்தாயிருந்த அக்கொலையும் விசாரணையும் படத்தில் இல்லை. கதை வளர்ந்தபோது அவை உதிர்ந்துபோயின.

படத்தில் நால்வர் கரான்ஸ் என்னும் ஒரு பெண்ணை விரும்புகின்றனர். பப்திஸ்த் என்ற பெயரோடு வரும் டெபுரோ உடம்பினாற் பேசுபவன். பிரெடரிக் சந்திக்கும் பெண் ஒவ்வொருத்திக்கும் இனிய சொற்களை ஆயத்தமாய் வைத்திருப்பவன். லசனேர் வெளிக்குப் பிறர்க்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவன். உள்ளே களவும் கொலையும். மொந்திரே பிரபு பணத்தினாலும் வாளினாலும் பேசுபவர். முதல் மூவருக்கும் வரலாற்றில் மூலம் உண்டு. பிரபு மாத்திரம் கற்பனை. ஆர்லெட்டி ஏற்று நடித்த கரான்சோ எவர் உடைமையும் ஆகாதவள். முதற்காட்சியிற் சந்தைக் கூடாரமொன்றில் நீர்த்தொட்டியிற் கண்ணாடி ஏந்தி 'உண்மை' என்ற உருவமாக அவள் காட்டப்படுகிறாள். காசு கொடுத்து உள்ளே செல்வோர் காண்பது தோள்வரையிலான உண்மையையே.

அடுத்து வருங் காட்சி படத்தின் திறவுகோல். பூனம்பூலின் வாயிலிலே கூட்டத்தைச் சேர்ப்பதற்காக ஆட்டம் நடக்கிறது. பப்திஸ்தின் தந்தை அன்செல்ம், தம் மகனை மூடனென்று கூட்டத்துக்குக் காட்டி நகைக்கிறார். அவனோ வெண்முகத்துடன் அசையாது அமர்ந்திருக்கிறான். கூட்டத்திற் கரான்சுக்கு அருகில் நின்ற லசனேர், பருத்த கனவானொருவனின் கடிகாரத்தைத் திருடிக்கொண்டு நழுவுகிறான். பழி கரான்ஸ்மேல் விழுகிறது. காவலர் அவளைப் பற்றுகின்றனர். கண்டவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, அதுகாறும் மரம்போலிருந்த பப்திஸ்த் எழுகிறான். கனவானின் தொந்தி, அவன் கடிகாரச் சங்கிலி, அழகிய பெண்ணின் நிற்கும் நிலை, திருடனின் மீசை, விரல்களின் நழுவல் ஆகிய யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உடம்பிலே வரைந்து காட்டுகிறான். கூட்டம் நகைக்கிறது. காவலரும் உண்மையறிந்து அவளை விடுகின்றனர். அவள் மேடையை நோக்கி ஒரு மலரை எறிந்து செல்கிறாள். சட்டத்தின் முன் அளிக்கும் சாட்சியம் சொல்லாலேயே அமைவது வழக்கம். இங்கே சொல்லற்ற ஒருவன் சாட்சியம் கூறி வெல்கிறான். பரோவின் நடிப்பை இச்சிறு காட்சி ஒன்றே போதியவாறு காட்டும்.

ஆயின் அத்தகைய வல்லவனே அன்றிரவு தோற்கிறான். தங்குவிடுதியொன்றிற் கரான்சின் அறை வாயில் அவனுக்குத் திறந்தேயிருக்கிறது. அவளுக்குக் காதல் எளிய பொருள். அவனுக்கோ அது வணக்கம். கனவிற் கண்ட உருவத்துக்குச் சொல்லவேண்டிய சொல் கிடைக்காமல் ஓடிவிடுகிறான். அடுத்த அறையிலிருந்த பிரெடரிக்குக்கு அத்தகைய இடர் இல்லை. இங்கே பிரெவேர் பப்திஸ்துக்காக இரங்கினாலும் அவனை உயர்த்தவில்லை. மேடையில் வலிமையாயிருந்த மௌனம் வாழ்க்கையிற் கோழைத்தனத்துக்கு அயலாகிவிடுகிறது. நுட்பமான கலைஞர் நல்ல காதலர் என்று நம்பும் பார்வையாளரை ஆசிரியர் இவ்விடத்தில் ஏமாற்றுகிறார், அது நன்றே.

முதற் பகுதியில் இன்னொரு காட்சியுண்டு. பூனம்பூலில் ஊமைக்கூத்து நடக்கிறது. கரான்ஸ் சிலையாக நிற்கிறாள். பப்திஸ்த் அவளை வணங்கும் பியரோ. பிரெடரிக் அவளைக் கவர்ந்து செல்லும் வண்ணச் சட்டைக் கோமாளி. காதலை இழந்த பியரோ தூக்குப் போட்டுக்கொள்ளக் கயிற்றை எடுக்க, சிறுமி யொருத்தி அதனைத் தாண்டி விளையாட வாங்குகிறாள். சலவைப் பெண்ணாக வரும் நத்தலி அதிலே துணி உலர்த்துகிறாள். அவ்வேளையில் மேடையின் ஓரத்தே கரான்சும் பிரெடரிக்கும் நெருங்கி நிற்பதைப் பப்திஸ்த் காண்கிறான். அவன் முகம் மாறுகிறது. அவனைத் தன்னுள்ளத்திற் காதலிக்கும் நத்தலி அதனைக் கண்டதும் தன்னை மறந்து அவன் பெயரைக் கூவிவிடுகிறாள். பேசலாகாத அரங்கில் எழுந்த அவ்வொரு சொல் அரங்கம் முழுவதையும் அதிரச் செய்கிறது. நத்தலியாக நடித்தவர் மரியா காசாரெஸ். இதுவே அவருடைய முதற்படம்.

இரண்டாம் பகுதி சில ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. பிரெடரிக் பேர்பெற்றுவிட்டான். சுவையற்ற கொலை நாடகமொன்றை ஆடவேண்டிவர, அதனை மேடையிலேயே கேலிக்கூத்தாக்கி எழுதியவர்களைச் சினமூட்டுகிறான். மெய்யான லெமேத்திரும் 1823 இல் அவ்வாறே செய்து புகழ் பெற்றவர். பப்திஸ்த் நத்தலியை மணந்து ஒரு மகனுக்குத் தந்தையாயினான். பிரபுவின் துணைவியாகிய கரான்ஸ் இரவுதோறும் முகத்திரையிட்டு வந்து, தனியறையொன்றில் மறைந்திருந்து அவன் ஆட்டத்தைப் பார்க்கிறாள். இதனை அறிந்த பிரெடரிக்குக்கு முதன்முறையாகப் பொறாமை பிறக்கிறது. துயருற்ற அவனே, இனி ஒதெல்லோவாக நடிக்கலாம் என்று மகிழவும் செய்கிறான். நடிகர் உள்ளத்தை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. முடிவில் லசனேர் பிரபுவைக் குளியலறையிற் கொல்கிறான். அஃதறியாத கரான்ஸ், நத்தலியும் குழந்தையும் வந்து நிற்கக் கண்டு, வண்டியேறிப் போகிறாள். அவளைப் பின்தொடர்ந்து ஓடும் பப்திஸ்தைத் திருவிழாக் கூட்டம் தடுக்கிறது. அக்கூட்டத்திற் பலர் அணிந்திருப்பது பியரோவின் வெள்ளுடை. தான் படைத்த உருவமே பல்கிப் பெருகி வழிமறிக்க, அவள் பெயரைக் கூவிக்கொண்டே அவன் மறைகிறான். மேடைத் திரை விழுகிறது.

இனிப் படம் எடுக்கப்பட்ட வரலாறு. 1940 இற் பிரான்சு தோல்வியுற்று, வட பகுதி ஜேர்மானியர் ஆட்சியிலும், தென் பகுதி அவர்க்கு இணங்கிய விஷி அரசின் கீழும் இருந்தது. 1942 நவம்பரில் தென் பகுதியும் படைகளால் நிரம்பிற்று. தற்கால வாழ்வைத் திரையிற் கூறுதல் தணிக்கையால் இயலாதாயிற்று. போருக்கு முன் துறைமுகத்தையும் தொழிலாளர் குடியிருப்பையும் காட்டிய கார்னேயும் பிரெவேரும் பழங்காலத்துக்குச் சென்றமைக்கு இதுவே காரணம். படப்பிடிப்பு 1943 ஆகஸ்டில் நீஸ் நகரிலுள்ள விக்தோரின் கலையகத்திற் தொடங்கியது. இத்தாலியின் வீழ்ச்சியாற் பணி தடைப்பட்டது; தயாரிப்பாளர் மாறினார்; பெருவீதியின் அமைப்பு புயலாற் சிதைந்து மீளக் கட்டப்பட்டது. விருந்துக் காட்சிக்கென வைத்த உணவைப் பசித்த துணை நடிகர் படம்பிடிக்குமுன்னரே உண்டுவிட்டனர் என்றும் கூறுவர். படமொன்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தைக் கடத்தலாகாது என்ற கட்டுப்பாட்டினாலேயே இது இரு பகுதிகளாக அமைந்தது.

இப்பணியில் ஈடுபட்டோருள் இருவர் யூதர். அரங்க அமைப்பை வகுத்த அலெக்சாந்தர் திரௌனரும், ஊமைக்கூத்துக்களுக்கு இசையமைத்த ஜோசப் கொஸ்மாவும் அங்கேரியிலிருந்து வந்தவர்கள். தொழில் செய்தலும் வெளியில் நடமாடுதலும் உயிருக்கு ஊறாயிருந்த நாட்களில், மறைந்திருந்தே அவர்கள் வரைந்தும் இசைத்தும் அனுப்பினர். வேறு கலைஞர் தம் பெயரால் அவற்றை வெளிப்படுத்தினர். மறுபுறத்தே, படத்தில் ஜெரிக்கோ என்னும் பழந்துணிக்காரனாக நடிக்க ஒப்பந்தமான ரொபேர் லெ விகான் ஜேர்மானியர்க்குத் துணைநின்று பேசியவர். 1944 இல் நிலைமை மாறியதும் ஜேர்மனிக்கு ஓடிவிட்டார். அப்பாத்திரத்தை ஓவியர் ரெனுவாரின் மகனாகிய பியர் ரெனுவார் ஏற்றார். ஜெரிக்கோ கதையில் ஒற்றுக் கூறித்திரிபவன் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆர்லெட்டியோ ஜேர்மன் படை அதிகாரி ஒருவரைக் காதலித்தவர். விடுதலையின் பின் அவர் சிறைவைக்கப்பட்டார். படம் முதன்முறை காட்டப்பட்ட நாளில் வீட்டுக் காவலில் இருந்தமையால் அங்கு வர இயலவில்லை. ஒரே படத்தில், ஒரே பெருவீதியில், வேட்டையாடப்பட்டவரும் வேட்டையாடுவோரின் நண்பரும் தோளோடு தோள் உழைத்தனர்.

இதனை நோக்கிச் சிலர், கரான்ஸ் அடிமைப்பட்ட பிரான்சின் உருவகம், பிரபு பகைவரின் உருவகம் என்று உரைகாண்பர். எவர்க்கும் அடங்காத பெண்ணைக் கண்டு 1945 இன் பார்வையாளர் தம் நாட்டை நினைத்திருக்கலாம். ஆயினும் பாத்திரந்தோறும் ஒரு மறைபொருளைத் தேடுதல் படத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். தூய விடுதலையின் உருவமாகக் கரான்சை வணங்குவோர், அவ்வுருவத்துக்கு உயிர் கொடுத்தவர் யாண்டிருந்தார் என்பதையும் உடன் எண்ணவேண்டும். படமோ அத்தகைய தூய்மையை எவருக்கும் வழங்கவில்லை. பகைவரின் கண்ணெதிரே தம் காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத இம்மௌனம் தப்பியோடுதலா, எதிர்ப்பா என்று கேட்பின், இரண்டும் என்றே கூறவேண்டும். பழங்காலத்துள் ஒளிந்தமையாற் படம் தணிக்கையைக் கடந்தது. ஒளிந்திருந்தோர்க்கு அப்பழங்காலமே வேலையும் கூலியும் தந்தது. பாரிஸ் 1944 ஆகஸ்டில் விடுதலை பெறும்வரை பணியை வேண்டுமென்றே நீட்டித்ததாகக் கார்னே பின்னாளிற் கூறினார். அதன்பின் வெளிவந்த படத்தின் தலைப்பெழுத்துக்களில், திரௌனரும் கொஸ்மாவும் தலைமறைவாயிருந்து ஒத்துழைத்தனர் என்று வெளிப்படையாக அச்சிடப்பட்டது. நான்காண்டு மௌனத்தின் பின் அவ்வெழுத்துக்கள் நத்தலியின் கூவலைப் போன்று திரையில் எழுந்தன.

ஐம்பதுகளில் எழுந்த இளந்தலைமுறைத் திறனாய்வாளர் கலையகத்துட் கட்டிய வீதிகளையும் மெருகேற்றிய உரையாடலையும் செயற்கையென்று ஒதுக்கினர். தெருவுக்குக் கமராவைக் கொண்டுசென்ற அவர்கள் பிரெஞ்சுத் திரைக்குப் புத்துயிர் ஊட்டினர் என்பதில் ஐயமில்லை. எனினும் இப்படத்தில் அக்குற்றச்சாட்டு அவ்வளவாக நிற்காது. இது மேடைத் திரை உயர்வதோடு தொடங்கி அது விழுவதோடு முடிவது. வீதியும் வானமும் மரத்தாலும் துணியாலும் ஆனவை என்று முதற் கணத்திலேயே அறிவித்துவிடுகிறது. சில உரையாடல்கள் அளவுக்கு மிஞ்சிய ஒளியுடையன என்பதும், பிரபுவின் மாளிகைக் காட்சிகள் தளர்கின்றன என்பதும் ஒப்பவேண்டியவையே. திரும்பத் திரும்பப் பார்ப்போர் அவ்விடங்களிற் சற்றே பொறுமை கொள்வர்.

மெய்யான பெருவீதி 1862 இல், பாரிசைத் திருத்தியமைத்த ஓஸ்மானின் திட்டத்தால், பூனம்பூலோடு இடிக்கப்பட்டது. ஊமைக்கூத்தும் அதன்பின் மெல்லத் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதற்கு இலக்கணம் வகுத்துப் புதிதாய் உருவாக்கியவர் எத்தியேன் டெக்ரூ. பரோவுக்கு அக்கலையைக் கற்பித்தவருள் முதன்மையானவர் அவரே. படத்தில் மகனை மூடனென்று இகழும் தந்தையாக நடித்தவரும் அவரே. 1946 இற் பரோ, படத்தில் வந்த ஊமைக்கூத்தை, இனி மறையவேண்டாத கொஸ்மாவின் இசையோடு பாரிசில் மரிஞி அரங்கில் மேடையேற்றினார். படத்திற் பிரெடரிக் அணிந்த வண்ணச் சட்டைக் கோமாளி வேடத்தை அம்மேடையில் ஏற்றவர், பின்னர் உலகெங்கும் சொல்லின்றியே ஆடிப் புகழ்பெற்ற மார்செல் மார்சோ.